அரை மணி வித்தியாசம்

போன வாரம் மார்செல்லாவை இஸ்திரிப் பெட்டியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். நீலக் கவுனா, கறுப்புக் கவுனா என்று முழித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நீலம்தான் ஜெயித்தது. ஆம்புரோஸின் அடக்கத்துக்குக் கறுப்பு போட்டதோடு போதும், புத்தக வெளியீட்டுக்குமா அதைப் போட்டு அழ வேண்டும் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மார்செல்லா ஹைன்ஸ் பிளசென்ஷியா ஊர்க்காரி. புருஷன் ஆம்புரோஸ் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. வாழ்நாளில் பாதியை ஆர்ஜென்ஷியா படகுத்துறையின் டிக்கெட் கவுன்ட்டரில் கழித்தவள். அக்கரை நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும், "கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சுக்குங்க, இது நியூஃபவுண்ட்லாந்து" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவள்.

இப்போது எழுத்தாளர்! ஊரே கேலி பண்ணிவிட்டு, ஊரே வாங்கவும் போகிறது. புத்தகத்தின் பெயர் 'கெட்டில் கொதிப்பதற்குள்'. எல்லாம் நேரத்தைப் பற்றிய கதைகள், நேரமே இல்லாதவர்களுக்காக எழுதியவை. ஒவ்வொரு தலைப்பின் கீழேயும் அதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று போட்டிருக்கும். முட்டை வேகும் நேரம். லிஃப்ட் மேலே போகும் நேரம். பஸ் வருகிற வரைக்கும்.

யாருக்காக எழுதினாள் என்பது ஊருக்கே தெரியும். டொரொன்டோவில் இருக்கும் மகள் ரோஸானுக்காகத்தான். ஃபோன் எடுத்தால் "அம்மா, சுருக்கமா சொல்லு, எனக்கு மீட்டிங் இருக்கு" என்பாள். சுருக்கமாகச் சொல்லச் சொன்னாளே, சொல்லிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தவள்தான் மார்செல்லா. ரோஷத்தில் ஆரம்பித்த காரியம், போகப் போக மகளோடு பேசுகிற ஒரே வழியாக ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாதா கோயில் ஹாலில் வெளியீடு. ரோஸானால் நேரில் வர முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் வந்து ஒரு கதையைப் படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மார்செல்லாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். தான் எழுதியது மகளின் வாயிலிருந்து வர வேண்டும், அதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வாசலில் வேன் ஹாரன் அலறியது. மகன் டெரன்ஸ். ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் மூன்று வாரம் வேலை, மூன்று வாரம் வீடு என்று வாழ்கிறவன். இன்று ராத்திரி விமானத்தில் திரும்பிப் போக வேண்டும்.

"அம்மோவ்! மகாராணி கிளம்பியாச்சா? ஜனங்க கார்டு வாங்க கியூவுல நிக்கிறாங்க!"

"கத்தாதேடா. என்ன கார்டு?"

"பிங்கோ கார்டு! ஞாயித்துக்கிழமைன்னா அந்த ஹால்ல பிங்கோ ஆட்டம்தான். பாதிப் பேரு அதுக்குத்தான் வருவாங்க, நீ வேணா பாரு."

"போடா இவனே!" என்றாள். சிரிப்பும் வந்தது. மூன்று வாரத்துக்கு இந்தக் கத்தலைக் கேட்க ஆளில்லையே என்று உடனே மனசு கனத்தது.

வெளியே நல்ல மூடுபனி. எதிர்வீடுகூடத் தெரியவில்லை. டெரன்ஸ் வேனை ஊர்ந்தபடி ஓட்டினான்.

"ரோஸான்கிட்ட மணியை ஞாபகப்படுத்தினியா?" என்று கேட்டாள் மார்செல்லா.

"அவ என்ன சின்னக் குழந்தையா? நீ சொன்னதுதானே."

"அவளுக்கு ஆயிரம் வேலை. மறந்துட்டான்னா?"

டெரன்ஸ் கண்ணாடித் துடைப்பானை வேகமாக வைத்தான். இன்னும் வேகமாக வைக்க அதில் இடமில்லை, ஆனாலும் அந்தக் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"புத்தகம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னா," என்று மார்செல்லா தானாகவே தொடர்ந்தாள். "செப்டம்பர்லயே அனுப்பிட்டேன்ல. ரெண்டு மூணு படிச்சாளாம். மீதியை நேரம் கிடைக்கிறப்ப படிக்கிறாளாம்."

"ம்."

"என்னடா ம்?"

"ரோடு தெரியலம்மா. பேசாம வா."

ஹாலில் கிட்டி பவர் அமர்க்களப்படுத்திக்கொண்டிருந்தாள். ஊர் நூலகம், மாதா கோயில் பூ அலங்காரம், அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரம், இந்த மூன்றுமே அவள் பொறுப்பு. ஓரம் வெட்டிய சாண்ட்விச்சுகள் ஒரு மேஜை முழுக்க. பெரிய பானையில் தேநீர், பக்கத்தில் டின் பால். மேடையில் கம்ப்யூட்டர், அதிலிருந்து சுவரில் வெளிச்சம்.

"வாடி என் செல்லம்! கண்ணே பட்டுடும் போ! எங்க உன் பொண்ணு, இந்தப் பெட்டிக்குள்ளதானே வரப் போறா?"

"மூணு மணிக்கு வருவா."

மூன்று மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. இந்தப் பனியிலும் வந்திருந்தார்கள். படகுத்துறையில் கூட வேலை பார்த்தவர்கள், கோயில் பாட்டுக்காரர்கள், இதுவரை ஒரு புத்தகமும் தொட்டிராத மீன்பிடிப் படகுக்காரர்கள். சுவரில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

"ஆரம்பிக்கலாமா கண்ணு?" என்றாள் கிட்டி.

"ரெண்டு நிமிஷம்."

மார்செல்லா கைப்பையைத் திறந்தாள், மூடினாள். யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சாண்ட்விச் கேட்டு அழுதது. டெரன்ஸ் கதவருகே போய் ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்."

முன்வரிசையில் இருந்த கஸ் மர்ஃபிக்குப் பொறுமை போய்விட்டது. ஓய்வுபெற்ற படகோட்டி. நாக்கில் எப்போதும் மிளகாய்தான். "ஏம்மா மார்செல்லா, நேரமில்லாதவங்களுக்குப் புத்தகம் எழுதிட்டு, நேரம் இருக்கிற எங்களை இப்படிக் காக்க வச்சுச் சாகடிக்கிறியே!"

ஹாலே சிரித்தது. மார்செல்லாவும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்? எழுந்து நின்று, ரோஸானுக்கென்று வைத்திருந்த கதையைத் தானே படித்தாள். அது லிஃப்ட் மேலே போகும் நேரக் கதை. குரல் இரண்டு இடத்தில் தட்டியது. புதுசு, பழக்கமில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு முட்டை வேகும் நேரக் கதை ஒன்று. பலமாகக் கைதட்டினார்கள். கஸ் மர்ஃபி விசிலே அடித்தான்.

புத்தகங்கள் விற்றன. கையெழுத்துப் போட்டாள். "எங்க வீட்டுக்காரர் பாத்ரூம்ல படிக்கத் தோதா இருக்கும்" என்று ஒருத்தி பாராட்டினாள். எல்லோரும் தோளைத் தொட்டார்கள், கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள், தேநீர் குடித்தார்கள். யாரும் ரோஸானைப் பற்றிக் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் "வேலை அதிகம்" என்றாவது சொல்லியிருப்பாள்.

நாலு மணிக்கெல்லாம் ஹால் காலி. கிட்டி கோப்பைகளை அடுக்கினாள். டெரன்ஸ் நாற்காலிகளை மடக்கி மடக்கிச் சுவரில் சாய்த்தான். மார்செல்லா கோட்டுப் போட்டு, ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் மணி அடித்தது.

சுவர் முழுக்க ரோஸானின் முகம். உதட்டில் சாயம், காதில் தொங்கட்டான், தலை படிய வாரியிருந்தாள். இரண்டு வருஷத்தில் மார்செல்லா அவளை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது.

"அம்மா! பாத்தியா, டாண்ணு வந்துட்டேன்! மணி மூணுதானே?" என்றாள். பிறகு, "எங்கம்மா எல்லாரும்? ஏன் நாற்காலி எல்லாம் மடக்கி இருக்கு?"

 டெரன்ஸ்தான் பேசினான்.

"மணி நாலுடி இங்க. ஃபோனையும் பாக்கல நீ. எல்லாம் முடிஞ்சு போச்சு."

"என்னடா உளர்றே? இங்க ரெண்டரை. அங்க மூணு. நியூஃபவுண்ட்லாந்துல அரை மணிதானே கூட?"

கிட்டியின் கையில் இருந்த கோப்பைகளின் சத்தம் நின்றது.

அரை மணி. டி.வி.யில் எந்த நிகழ்ச்சிக்கும் அப்படித்தானே சொல்வார்கள், 'எட்டு மணிக்கு, நியூஃபவுண்ட்லாந்தில் எட்டரைக்கு' என்று? அதைக் கேட்டுக் கேட்டு வெளியூர்க்காரர்கள் எல்லோரும் இங்கே அரை மணிதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த அரை மணி பக்கத்து நோவா ஸ்கோஷியாவுக்குத்தான். டொரொன்டோவுக்கு ஒன்றரை மணி. இது இந்த ஊர் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். இங்கே பிறந்து இங்கே வளர்ந்த ஒருத்தி இதில் தடுக்கி விழமாட்டாள்.

"ஒன்றரை மணி ரோஸான்," என்றான் டெரன்ஸ். "வெளியூர்க்காரியாவே ஆயிட்டியாடி நீ?"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் ரோஸானின் முகம் சுண்டிப்போனது. உதட்டுச் சாயம் மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா... நான்... வேணும்னு இல்லம்மா."

மார்செல்லாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் கடிகாரத்தைத் திருத்தியவள், பெற்ற பெண்ணின் கடிகாரத்தைக் கோட்டை விட்டாளே! ஆனால் சுவரில் அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் வேறு பக்கம் போய்விட்டது.

"போகட்டும் விடு," என்றாள். "வந்துட்டேல்ல, ஒரு கதை படி. எனக்கு மட்டும் படி. நான் உக்காந்திருக்கேன்."

டெரன்ஸ் மடக்கிய நாற்காலி ஒன்றை மறுபடி விரித்துப் போட்டான். மார்செல்லா கோட்டோடு உட்கார்ந்தாள்.

"இரும்மா, புத்தகத்தை எடுத்துட்டு வரேன்."

ரோஸான் எழுந்து போனாள். சுவரில் காலியான ஒரு நாற்காலியும் பின்னால் ஒரு ஜன்னலும் தெரிந்தன. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. சர்ரென்று ஒன்று. கொஞ்சம் விட்டு, மறுபடி சர்ரென்று.

மார்செல்லாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப். மழையில் நனைந்துவிடக் கூடாது என்று அவள்தான் புத்தகப் பார்சலில் அதைச் சுற்றிச் சுற்றி ஒட்டினாள். 'இவ்வளவு டேப்பா?' என்று அஞ்சலகத்தில் கேலி செய்தார்கள்.

ரோஸான் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கையில் புத்தகம். அதன் புதுமை கலையவில்லை.

"இப்பத்தான் பிரிக்கிறியா?" என்றாள் மார்செல்லா.

"இல்லம்மா... அது... நேரமே இல்லம்மா, தெரியும்ல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். புத்தகத்தின் முதல் பக்கம் திறந்திருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று மார்செல்லாவுக்குத் தெரியும். 'ரோஸானுக்கு. அவளுக்கு நேரம் கிடைக்கும்போது.' ஒரு வாரம் யோசித்து எழுதிய வரி.

ரோஸான் அதைப் படித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. அதனாலதான் பிரிக்கல."

"ஏன்டி?"

"எனக்கு வேலை போச்சும்மா. ஆகஸ்ட்லயே போச்சு. மொத்த டிபார்ட்மென்ட்டையும் மூடிட்டாங்க. அன்னிலேர்ந்து நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். எனக்கு நேரம்தான் இருக்கு. நேரத்தைத் தவிர வேற ஒண்ணுமே இல்ல. நீ ஃபோன் பண்றப்பல்லாம் மீட்டிங்னு சொன்னேன். மீட்டிங்கும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஃபோனை வச்சுட்டு ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். நேரமில்லாதவங்களுக்குன்னு நீ எழுதின புத்தகத்தை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பிரிப்பேன்?"

 கிட்டி பவர், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரத்தைக் காதில் வாங்காமல் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள்.

"ஆகஸ்ட்லேர்ந்தா?" என்றாள் மார்செல்லா. "யார்கிட்டயும் சொல்லலையா? தனியாவா இருந்தே?"

"டெரன்ஸுக்குத் தெரியும். போன தடவை விமானம் மாறுறப்ப இங்கதான் ராத்திரி தங்கினான். சொல்லாதேன்னேன், ஆனாலும் உங்கிட்ட சொல்லிடுவான்னு நெனச்சேன்."

மார்செல்லா திரும்பினாள். டெரன்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா. நான் என்ன பண்றது?"

"நான் கேட்டேனேடா! வேன்ல வர்றப்பகூடக் கேட்டேனே! ஆயிரம் வேலை அவளுக்குன்னு நான் பைத்தியக்காரி மாதிரி பேசிட்டு வரேன், நீ துடைப்பானைத் திருகிட்டு உக்காந்திருக்கே!"

"அம்மா..."

"ரெண்டு பேருமா சேர்ந்து என்னைத் தனியா விட்டுட்டீங்க."

சொன்ன பிறகுதான் எவ்வளவு நாளாய் அது தொண்டையில் நின்றுகொண்டிருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. ஆம்புரோஸ் போன பிறகு, அந்த வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவி வைக்கும்போதெல்லாம் சொல்ல நினைத்த வார்த்தை. குழந்தைகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். டெரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். சுவரில் ரோஸான் அழுதுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து டெரன்ஸ், "விமானத்துக்கு நேரமாச்சும்மா. பனியில ரொம்ப தூரம் ஓட்டணும்," என்றான்.

"போ. பத்திரமாப் போ. போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு." எழுந்து அவன் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். கோபம் இருந்தது. அதற்காக முத்தமில்லாமல் அனுப்ப முடியுமா?

"நீ எப்படி வீட்டுக்குப் போவே?"

"கிட்டி கொண்டு விடுவா. கிளம்பு."

அவன் போனான். வேன் சத்தம் மூடுபனிக்குள் போய் மறைந்தது. பெரிய ஹாலில் ஒரு நாற்காலி, அதில் மார்செல்லா, எதிரே சுவரில் ரோஸான்.

"படி," என்றாள் மார்செல்லா.

ரோஸான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். அவள் எடுத்த கதையும் சின்னதுதான்.

"'புருஷன் எங்கேயும் நேரத்துக்குப் போகமாட்டான் என்பதற்காக அவள் சமையலறைக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருந்தாள். அவன் இறந்த பிறகும் தினம் காலையில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து அவசர அவசரமாக ஓடினாள். ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறி அதைச் சரியான மணிக்குத் திருப்பி வைத்தாள். கீழே இறங்கியதும் கையில் பத்து நிமிஷம் மீதி இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.'"

முடிந்துவிட்டது. ரோஸான் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், இன்னும் இருக்கிறதா என்று.

"இது நம்ம வீட்டுக் கடிகாரம்தானே? அப்பாவுக்காக வச்சது?"

"ஆமா."

"அவ்வளவுதானா? அதுக்கப்புறம் என்னாச்சு?"

 இத்தனை வருஷத்தில் இந்தப் பெண் 'அதுக்கப்புறம் என்னாச்சு' என்று கேட்டதே இல்லை. சின்ன வயதில் கேட்டிருப்பாள். அப்புறம் கேட்கவில்லை.

"எல்லாமே குட்டிக் குட்டியா இருக்கேம்மா," என்றாள் ரோஸான் பக்கங்களைப் புரட்டியபடி. "நீளமா ஒண்ணுகூடவா எழுதல?"

"உனக்காகத்தான்டி வெட்டினேன்," என்றாள் மார்செல்லா. "முதல்ல எல்லாமே நீளம்தான். நீ கேக்க மாட்டேன்னு அப்பாவை வெட்டினேன், கடலை வெட்டினேன், நான் அழுததையெல்லாம் வெட்டி எடுத்தேன். மிச்சம் இருந்ததுதான் புத்தகம்."

ரோஸான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதையெல்லாம் எனக்குச் சொல்றியா?"

ஆம்புரோஸின் கடைசி நாளைப் பற்றி மார்செல்லா யாரிடமும் பேசியதில்லை. அடக்கத்துக்கு வந்த ரோஸான் மறுநாளே விமானம் ஏறிவிட்டாள், டெரன்ஸ் கேட்கவில்லை, ஊராருக்கு அது எதற்கு? அந்த நாள் முழுசாக அவளிடமே இருந்தது. ஆம்புரோஸ் மகளுக்கென்று சொல்லிவிட்டுப் போனதும் அதற்குள்தான் இருந்தது.

இப்போது கேட்கிறாள். சமையல்கட்டில் கிட்டி விளக்கை அணைத்துவிட்டு, சாவியைக் குலுக்காமல் காத்திருந்தாள்.

"சொல்றேன்," என்றாள் மார்செல்லா. "ஆனா இந்தச் சுவத்துல சொல்ற நீளமில்ல அது. உங்கப்பா உங்கிட்ட சொல்லச் சொன்னது ஒண்ணு இருக்கு. கிளம்பி வீட்டுக்கு வா."

ரோஸான் 'பாக்கலாம்மா' என்றும் சொல்லவில்லை, 'மீட்டிங்' என்றும் சொல்லவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.